ஊர் கூடி இழுத்த தேர்

ஜெர்மனியிலிருந்து திரும்பிய நாள் முதல் சங்கத்து அன்பர்கள் என்னைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி, "பரிசு கிடைத்ததா?" என்பதுதான். கிடைத்தது, ஒரு பதக்கம். ஆனால் போட்டியை முடித்தவர் எல்லோர் கழுத்திலும் அதைத்தான் போடுகிறார்கள். என் வயதுப் பிரிவில் நான் வந்த இடத்தைக் கீழேயிருந்து எண்ணினால் சீக்கிரம் எண்ணி முடித்துவிடலாம்! 2024 ஜூலை 7ஆம் தேதி அதே போட்டியில் முதலில் வந்த டென்மார்க் இளைஞர் மாக்னஸ் டிட்லெவ் 7 மணி 23 நிமிடம் 24 விநாடியில் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். அவர் குளித்துச் சாப்பிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் இன்னும் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஆகவே வெற்றிக் கதை கேட்க விரும்புகிறவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். நான் சொல்ல வந்தது அந்த ஊரைப் பற்றி.

செம்பூரில் ஒரு கொலுவுக்குப் போயிருந்தபோது ஒரு மாமி, "ட்ரையத்லான்னா மூணு நாள் நடக்குமோ?" என்று கேட்டார். மூன்று நாள் அல்ல, மூன்று விளையாட்டு. முதலில் நீச்சல், கரையேறியதும் சைக்கிள், அதிலிருந்து இறங்கியதும் ஓட்டம். நடுவில் உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். 2000ஆம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் இது சேர்க்கப்பட்டது. அங்கே 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். நான் போனது நெடுந்தூரப் போட்டிக்கு. 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், கடைசியில் 42.2 கி.மீ. முழு மாரத்தான். 1978இல் ஹவாயில் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு பந்தயம்போலத் தொடங்கியது இந்தத் தூரம். அன்று முடித்தவர்கள் பன்னிரண்டு பேர்.

ஐரோப்பாவில் இந்தத் தூரத்துக்குப் பெயர் போன ஊர் ரோத். நியூரம்பெர்க் நகரத்துக்குத் தெற்கே, ஏறத்தாழ 25,000 பேர் வாழும் சிறிய ஊர். 1984இல் அங்கே முதல் ட்ரையத்லான் நடந்தது. 2002 முதல் 'சேலஞ்ச் ரோத்' என்ற பெயரில் நடக்கிறது. இணையத்தில் பதிவு திறந்தால் கண்மூடித் திறப்பதற்குள் இடங்கள் தீர்ந்துவிடும். தனியாகப் போட்டியிடுகிறவர்கள் மூவாயிரத்துக்கு மேல். அவர்களுக்குத் துணை நிற்கும் தொண்டர்கள் ஏழாயிரத்துக்கு மேல்! இந்தக் கணக்கைப் படித்தபோது அச்சுப்பிழையாக இருக்குமோ என்று நினைத்தேன்.

வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு முதல் சோதனை சைக்கிளைப் பெட்டியில் அடைப்பதுதான். இரண்டு சக்கரங்களையும் கழற்ற வேண்டும். கைப்பிடியைக் கழற்றித் திருப்பிக் கட்ட வேண்டும். பெடலைக் கழற்றும்போது இடப்பக்கத்து மரை எதிர்த்திசையில் சுழலும் என்பது நினைவிருக்க வேண்டும். காற்றைக் குறைத்து, ஏ.சி. குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நுரை உறையை வாங்கி வந்து சட்டம் முழுவதும் சுற்றினேன். அதற்கு மேல் என் கணவரின் பழைய வேட்டி ஒன்று. விலையுயர்ந்த பொருளாகையால் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் காட்டிச் சான்று வாங்கிக்கொண்டேன். திரும்பி வரும்போது 'இது அங்கே வாங்கியதா?' என்ற பேச்சுக்கு அது பதில் சொல்லும். ஹெல்மெட், காலணி, மூக்குக்கண்ணாடி மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அனுபவசாலிகள் எல்லோரும் சொல்லும் யோசனை இது. அதன் அருமை மியூனிக்கில் தெரிந்தது.

புதன்கிழமை மியூனிக்கில் இறங்கினேன். துணிப்பெட்டி வந்தது. இட்லிப் பொடியும் ரசப் பொடியும் புளிக்காய்ச்சலும் பத்திரமாக வந்தன. சைக்கிள் மட்டும் வரவில்லை. நடுவழியில் விமானம் மாறிய ஊரிலேயே அது நின்றுவிட்டதாம். "நாளை வந்துவிடும்" என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார்கள். பதினோரு மாதப் பயிற்சி. பாம் பீச் சாலையில் விடியற்காலை நாலரை மணிக்குத் தெரு நாய்களோடு பழகிப் பழகி ஓட்டிய சைக்கிள்! கையில் ஒரு துண்டுச் சீட்டோடு அதிவேக ரயிலில் ஏறினேன். நியூரம்பெர்க்கில் மாறி, ரோத் போகும் நகர ரயிலைப் பிடித்தேன். பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் மாறுவது எப்படி என்று மும்பையில் எவ்வளவோ கவலைப்பட்டிருந்தேன். அந்தக் கவலை மட்டும் தீர்ந்தது.

ரோத்தில் ஓட்டல்கள் குறைவு. பல வீடுகளில் போட்டியாளர்களைத் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கிடைத்தது ரோத்துக்கும் ஹில்போல்ட்ஷ்டைன் என்ற பக்கத்து ஊருக்கும் நடுவே ஒரு சிற்றூரில், ஓய்வு பெற்ற ஒரு தம்பதியின் வீடு. வரவேற்பறைச் சுவரில் ஆண்டுவாரியாகப் படங்கள்: ஜப்பானியர், பிரேசில்காரர், நியூசிலாந்துக்காரர் என்று அந்த வீட்டில் தங்கிப் போட்டியிட்டவர்கள். அந்த அம்மாளுக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். பெரியவருக்கு அதுவும் இல்லை. வாசலில் என்னைப் பார்த்து "க்ரூஸ் காட்" என்றார். 'கடவுள் வாழ்த்துக' என்று பொருளாம். அந்தப் பக்கத்தில் கடைக்காரர்கூட அப்படித்தான் வணக்கம் சொல்கிறார்.

இன்னொன்று கவனித்தேன். அந்த வட்டாரத்துக்கு ஃபிராங்கன் என்று பெயர். அங்கத்திய பேச்சில் ப-வுக்கும் அதன் மெல்லொலிக்கும், த-வுக்கும் அதன் மெல்லொலிக்கும் வேறுபாடே தெரிவதில்லை. மற்ற ஜெர்மானியர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்வார்களாம். "எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்" என்று நான் காகிதத்தில் 'ப' எழுதிக் காட்டினேன். பெரியவருக்கு ஒரே மகிழ்ச்சி. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் காட்டிவிட்டு வந்தார்! வடநாட்டில் நம் 'காந்தி'யும் 'கந்தி'யும் பட்ட பாடு நமக்குத் தெரியாததா?

வியாழன் வந்தது, பெட்டி வரவில்லை. வெள்ளியும் அப்படியே. சனிக்கிழமை மாலைக்குள் சைக்கிளைப் போட்டித் திடலில் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். தொலைபேசியில் பேசிப் பேசி அலுத்துப்போய் வியாழன் மாலை நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் எதுவும் கேட்கவில்லை. தெருக்கோடி வரை போய்த் திரும்பினார். அரை மணியில் ஒருவர் தம் மகளின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இருட்டுவதற்குள் இன்னொன்று. மறுநாள் காலை மூன்றாவது, பக்கத்து ஊர் சைக்கிள் சங்கத்திலிருந்து. முற்றத்தில் மூன்று சைக்கிள்கள் வரிசையாக நின்றன. என் நோட்டில் எழுதியிருந்த அளவுகளை வைத்துக்கொண்டு, சீட்டின் உயரம், கைப்பிடியின் தூரம் எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்தார்கள். முதல் இரண்டும் சரிப்படவில்லை. மூன்றாவது ஏறத்தாழப் பொருந்தியது. அதன் சொந்தக்காரரை நான் பார்த்ததுகூட இல்லை. ஆயிரக்கணக்கான யூரோ விலையுள்ள பொருளை, முன்பின் தெரியாத ஓர் இந்தியப் பெண் 180 கி.மீ. ஓட்டட்டும் என்று அனுப்பியிருந்தார்.

மும்பை போன்ற ஊரில் இருபத்தைந்து வருடம் வாழ்ந்தவள் நான். பக்கத்து ஃபிளாட்டுக்குக் குக்கர் இரவல் கொடுக்கவே யோசிக்கிறவர்கள் நாம். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை, கவலையால் அல்ல.

வெள்ளிக்கிழமை மனத்தை மாற்றிக்கொள்ள அந்த அம்மாள் என்னை ரோத்தில் ஒரு தொழிற்சாலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனார். பழைய இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. செம்புக் கம்பியை மயிரிழை போல இழுக்கிறார்கள். பொன் பூச்சோ வெள்ளிப் பூச்சோ கொடுத்து, தட்டையாக்கி, நூலின் மேல் சுற்றுகிறார்கள். 'லியோனி வேலை' என்று பெயர். கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கும் இராணுவ உடுப்புகளின் பட்டைகளுக்கும் போகுமாம். மோட்டார் வாகனங்களுக்குக் கம்பி செய்யும் லியோனி நிறுவனத்தின் பெயர் இந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான். அந்த நூலைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஜரிகை! என் கைபேசியில் இருந்த மகளின் கல்யாணப் படத்தைத் திறந்து, புடவைத் தலைப்பைப் பெரிதாக்கிக் காட்டினேன். அங்கே வேலை செய்த முதியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு முழம் நூலை வெட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அது இப்போது எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிப் பெண்கள் கேட்காமல் விடமாட்டார்கள். உருளைக்கிழங்கில் பெரிய கொழுக்கட்டை போல ஓர் உருண்டை செய்கிறார்கள். 'க்ளோஸ்' என்று பெயர். வழக்கமாக இறைச்சிக் குழம்போடு சாப்பிடுவது. எனக்காகக் காளான் குழம்பு வைத்தார்கள். ரொட்டியில் சீமைச்சோம்பு மணக்கும். கடையில் தண்ணீர்ப் பாட்டில் கேட்டால் சோடா கொடுக்கிறார்கள். குழாய்த் தண்ணீரே நன்றாக இருக்கிறது, அதைக் குடித்தால் போதும். வெள்ளி இரவு நான் ரசம் வைத்தேன். பெரியவர் மூன்று கோப்பை குடித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாள் செய்முறையை எழுதி வாங்கிக்கொண்டு, மிச்சப் பொடியையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு வாசலில் வண்டி வந்து நின்றது. என் பெட்டி! திறந்து பார்த்தால் பின்சக்கரத்துக் கியரைத் தாங்கும் சிறு கொக்கி வளைந்திருக்கிறது. சங்கிலி இரண்டு பல்லில் தாவித் தாவி ஓடுகிறது. அதற்குள் செய்தி பரவி, ஒரு மெக்கானிக் இளைஞர் கருவிப் பெட்டியோடு வந்துவிட்டார். வளைந்ததை மெல்ல நிமிர்த்தி, கியரை ஒவ்வொன்றாகச் சரி செய்து, சாலையில் தாமே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பணம் கொடுக்கப் போனேன். "நாளைக்கு" என்று சைகை செய்தார். மறுநாள் அவர் சாலையோரத்தில் பஞ்சர் பார்க்கும் தொண்டராக நின்றதால் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

நீச்சல் நடப்பது ஆற்றிலோ கடலிலோ அல்ல, கால்வாயில். மைன் நதியையும் டான்யூப் நதியையும் இணைக்கும் 171 கி.மீ. கால்வாய் 1992இல் முழுமையடைந்தது. 793ஆம் ஆண்டிலேயே சார்லமேன் மன்னர் இதே யோசனையோடு வெட்டத் தொடங்கினாராம். ஹில்போல்ட்ஷ்டைன் அருகே கால்வாய் கடல் மட்டத்துக்கு 406 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. பூட்டுத் தொட்டிகளில் ஏறி ஏறிக் கப்பல்கள் அந்த உயரத்துக்கு வருகின்றன. போட்டியன்று காலை கப்பல் போக்குவரத்தை நிறுத்திவிடுகிறார்கள். காலை ஆறரை மணியிலிருந்து கூட்டம் கூட்டமாக நீரில் இறங்குகிறோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பீரங்கி முழக்கம். என் முறை வர எட்டு மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது. இரு கரையிலும் பாலத்தின் மேலும் ஆயிரக்கணக்கில் மக்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று நினைத்துக்கொண்டே நீந்தினேன். நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் கற்றவள் நான். ஆனால் கால்வாயில் அலை இல்லை. கரை எப்போதும் கண்ணுக்குத் தெரிகிறது. 1 மணி 38 நிமிடத்தில் கரையேறினேன். ஒருவர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கூடாரத்துக்குள் நுழைந்தால், என் ரப்பர் உடையைப் பிடித்து உரிக்கக் காத்திருந்தவர் எங்கள் வீட்டு அம்மாள்! காலை நாலு மணிக்கே அவர் ஏன் கிளம்பிப் போனார் என்பது அப்போதுதான் புரிந்தது.

சைக்கிள் பாதை இரண்டு சுற்று. எக்கர்ஸ்மூலன் என்ற ஊரில் தெரு நெடுகப் பெஞ்சும் மேசையும் போட்டுக் காலையிலேயே பீர்க் கோப்பையோடு உட்கார்ந்து கத்துகிறார்கள். கிரேடிங் ஊரில் ஒரு செங்குத்தான ஏற்றம். கண்டாலா மலைப்பாதையில் பழகியவர்களுக்கு அது புதிதல்ல. சோலார் என்ற ஊர் மேட்டைப் பற்றித்தான் எழுத வேண்டும். சாலையே தெரியவில்லை, தலைகள்தான். நான் நெருங்க நெருங்க, நடுவில் ஒரு சைக்கிள் அகலத்துக்கு வழி பிளக்கிறது. இரு பக்கமும் முகங்கள் என் காதருகே. மணி அடிக்கிறார்கள், தகரம் தட்டுகிறார்கள். என் மார்பில் இருந்த எண் அட்டையில் பெயரைப் படித்து, வாய்க்கு வந்தபடி உச்சரித்து அழைக்கிறார்கள். மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவத்தில் கூட்டம் நகர்த்தி நகர்த்தி நம்மைக் கொண்டுபோகுமே, அந்த உணர்வு. நான் மிதிக்கவில்லை, யாரோ இழுக்கிறார்கள்.

இரண்டாம் சுற்றில் பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் திடீரென்று ஆரவாரம். "அன்னே! அன்னே!" என்று குதிக்கிறார்கள். பெண்களில் முதலாவதாக வந்த அன்னே ஹாவுக் 8 மணி 2 நிமிடம் 38 விநாடியில் முடித்துவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு இதே ரோத்தில் சுவிட்சர்லாந்தின் டானியெலா ரிஃப் 8:08:21 என்று ஏற்படுத்திய உலகச் சாதனை போய்விட்டது. அன்னே ஹாவுக் பிறந்த பைராய்ட்டும் அதே ஃபிராங்கன் வட்டாரத்து ஊர். வீட்டுப் பெண் ஜெயித்த மகிழ்ச்சி! ஒரு பையன் அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒன்றுக்கு மூன்று வாழைப்பழம் கொடுத்தான்.

ஓட்டத்தில் இருபத்தைந்தாம் கிலோமீட்டர் வரை நன்றாகத்தான் போனது. பிறகு வயிறு வேலைநிறுத்தம் செய்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை. கால்வாய்க் கரையில் நடக்க ஆரம்பித்தேன். இம்மாதிரிப் போட்டிகளில் பொதுவாகப் பதினேழு மணி நேரம் கொடுப்பார்கள். ரோத்தில் அதைவிடக் குறைவு. இப்படியே நடந்தால் கெடு தாண்டிவிடும் என்று மனக்கணக்கு சொன்னது. பெட்டி, சைக்கிள், மூன்று வீட்டுக்காரர்கள், மெக்கானிக், எல்லோரும் கண் முன் வந்தார்கள். எனக்காக ஓடுவதென்றால் அன்று உட்கார்ந்திருப்பேன்.

பூஹென்பாக் ஊருக்குள் நுழையும்போது சாலையோரத்தில் எங்கள் வீட்டு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு ஃபிளாஸ்க். மூடியைத் திறந்ததும் மிளகு வாசனை. ரசம்! ஆனால் வெளியார் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது என்பது போட்டி விதி. வாங்கினால் நீக்கிவிடுவார்கள். அது அவருக்கும் தெரியும், எத்தனை வருடமாகப் பார்க்கிறவர். ஃபிளாஸ்கை உயர்த்திக் காட்டினார். "முடித்த பிறகு!" என்றார். அவ்வளவுதான். பந்தலில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் உப்பைத் தோய்த்து மெதுவாக மென்றேன். கோலா இரண்டு வாய். மூன்றாவது பந்தலில் வயிறு சமாதானமாயிற்று. நூறு அடி ஓட்டம், இருபது அடி நடை என்று தொடங்கி, முப்பத்தைந்தாம் கிலோமீட்டரிலிருந்து நிற்காமல் ஓடினேன்.

இரவு பத்து மணி. இருட்டிவிட்டது. ரோத்தில் முடிவுத் திடலுக்குள் நுழைந்தால் சுற்றிலும் படிக்கட்டுகளில் மக்கள் நிரம்பி வழிகிறார்கள். முதலில் வந்தவர் போய் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, இவர்கள் போகவில்லை. 14 மணி 13 நிமிடம். மும்பையில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை. கைபேசியில் என் எண்ணைத் தொடர்ந்துகொண்டிருந்த மகன், "அம்மா, அப்பா அழறார்" என்று செய்தி அனுப்பியிருந்தான்.

எனக்குப் பின்னாலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முந்தியவரைவிடச் சத்தம் கூடுதல். கடைசியாக வந்தவருக்கு எழுந்து நின்று தட்டினார்கள். பிறகு வாணவேடிக்கை. படிக்கட்டில் உட்கார்ந்து ஃபிளாஸ்கைத் திறந்தேன். ரசம் ஆறியிருந்தது, உப்பும் கொஞ்சம் தூக்கல். மூன்று மூடி குடித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை காலை பெரியவர் என்னை ரயிலடிக்குக் கொண்டுபோனார். மாடிப்படி இறங்கத் தொடை ஒத்துழைக்காததால் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். திடல் பக்கம் நீண்ட வரிசை. அடுத்த ஆண்டுப் போட்டிக்கு நேரில் பதிவு செய்கிறவர்கள், இரவே வந்து நின்றவர்களாம். பெரியவர் வண்டியை மெதுவாக ஓட்டி, வரிசையைக் காட்டி, என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். நான் கடிகாரத்தைக் காட்டினேன். பதினொன்றேகாலுக்கு ரயில். பின்சீட்டில் பெட்டி இருந்தது. இம்முறை அதை என் கண்ணெதிரே ஏற்றுவது என்று தீர்மானித்திருந்தேன்.